எஞ்சின் கோளாறு கண்டறிதலின் வரலாறு: சென்சாரும் சீரற்ற ஐட்லிங்கும்

வண்டி நகராமல் நிற்கும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே எஞ்சின் தானாக மெதுவாகச் சுழன்றுகொண்டிருப்பதை ஐட்லிங் என்பர். அந்நிலையில் எஞ்சின் குலுங்குவது, ஓசை விட்டுவிட்டு வருவது, வேகம் ஏறி இறங்குவது, திடீரென அணைந்துபோவது ஆகியவை சீரற்ற ஐட்லிங்கின் அடையாளங்கள். பிக்கப் வண்டி முதல் கனரக லாரி வரை எல்லாவற்றிலும் காணப்படும் மிகப் பழைய கோளாறு இது. பட்டறைகளில் இதை 'மிஸ்ஸிங்' என்றும் சொல்வதுண்டு.

ஐட்லிங்கில் கோளாறு எளிதில் வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் அப்போது காற்றுப் பாதையின் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே செல்லும் காற்றும் எரிபொருளும் மிகக் குறைவு. எஞ்சின் தன் உராய்வை வென்று சுழல்வதற்குப் போதுமான விசை மட்டுமே பிறக்கிறது. ஒரு சிலிண்டர் தன் பங்கைத் தராவிட்டால் மற்றவற்றால் அதை ஈடுகட்ட முடிவதில்லை. வேகமாகச் சுழலும்போது ஃப்ளைவீலின் உந்தம் அதே குறையை மறைத்துவிடும்.

இக்கோளாறைத் தேடும் முறை கடந்த அரை நூற்றாண்டில் முற்றிலும் மாறியது. இன்று வண்டியே தன் கோளாறை எண்ணாகச் சேமித்து வைக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு மெக்கானிக்கின் வேலையை எளிதாக்குவதற்காகத் தோன்றியதன்று. நகரத்துக் காற்றைக் காக்கும் சட்டங்களிலிருந்து அது பிறந்தது. அதன் பயனையும் அதன் எல்லையையும் புரிந்துகொள்ள இந்தப் பின்னணியை அறிய வேண்டும்.

சென்சாருக்கு முந்தைய காலம்

1970-கள் வரை பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் எரிபொருளையும் காற்றையும் கலந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயிண்ட் திறந்து மூடித் தீப்பொறிக்கான நேரத்தைத் தந்தது. ஐட்லிங் வேகத்தையும் கலவையையும் திருகைத் திருப்பிச் சரிசெய்தனர். எஞ்சினில் கணினி இல்லை. கோளாறைச் சொல்ல விளக்கும் இல்லை.

அக்கால மெக்கானிக்கின் முதல் சோதனை மிக எளிது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார். ஒரு வயரைக் கழற்றியதும் எஞ்சின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் அது ஏற்கெனவே செயலிழந்த சிலிண்டர். பழைய டீசல் லாரிகளில் இதே சோதனையை இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்திச் செய்தனர்.

இதற்கு அடுத்த கருவி வெற்றிட மானி. உறிஞ்சும் குழாயோடு அதை இணைத்தால், நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில் முள் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். முள் சீரான இடைவெளியில் துடித்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை எனலாம். முள் தாழ்ந்தே நின்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது தீப்பொறி தாமதமாக வருகிறது. இச்சோதனைகள் அனைத்தும் எஞ்சினை நேரடியாகவே விசாரித்தன.

லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டம்

1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் இது எதிரியின் இரசாயனத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். பின்னர் தொழிற்சாலைகள் மீது பழி விழுந்தது.

உண்மைக் காரணத்தை விளக்கியவர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்த இவர் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களை ஆராய்ந்தவர். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளிவரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனையும் பிற எரிச்சலூட்டும் பொருள்களையும் உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் 1967-ல் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார். 1970-ல் அமெரிக்கக் கூட்டரசின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

இதன் விளைவாக 1975 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. சைலன்சருக்கு முன்னால் அமையும் இக்கருவி, புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அதன் மேம்பட்ட வடிவமான மும்முனை மாற்றி சரியாக இயங்க ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற விகிதத்திலிருந்து கலவை விலகக் கூடாது. திருகால் சரிசெய்யப்படும் கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தை எல்லா நேரத்திலும் தர இயலவில்லை.

எஞ்சினுக்குள் வந்த கணினி

மின்னணு எரிபொருள் தெளிப்பு அதற்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய டி-ஜெட்ரானிக் அமைப்பு 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் இடம்பெற்றது. உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தைச் சென்சார் அளந்து தர, மின்னணுப் பெட்டி அதற்கேற்ப எரிபொருளைத் தெளித்தது.

கலவை சரியாக இருந்ததா என்பதை எரிந்த பின் சோதிக்கும் வழி 1976-ல் கிடைத்தது. பாஷ் உருவாக்கிய லாம்டா சென்சார், அதாவது ஆக்சிஜன் சென்சார், கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட வால்வோ கார்களில் பொருத்தப்பட்டது. சிர்கோனியம் டை-ஆக்சைடால் ஆன இது புகைக்குழாயில் அமர்ந்து, எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை உணர்கிறது. எரிபொருள் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் தரும். கணினி இதைப் பார்த்து அடுத்த தெளிப்பைக் கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது.

இதனால் மெக்கானிக்குக்கு ஒரு புதிய சிக்கல் வந்தது. முன்பு கார்புரேட்டர் கெட்டால் கார்புரேட்டரைப் பார்த்தால் போதும். இப்போதோ எஞ்சின் நலமாக இருந்தும் சென்சார் தவறாகச் சொன்னால் வண்டி குலுங்கும். சென்சார் நலமாக இருந்தும் அதன் வயர் அறுந்திருந்தால் அதே குலுக்கம் வரும். கண்ணுக்குத் தெரியாத மின்சுற்றும் இப்போது எஞ்சினின் ஓர் உறுப்பு ஆகிவிட்டது.

விளக்கை எண்ணிய காலம்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் தன் அமெரிக்க வண்டிகளில் எஞ்சின் கணினியைப் பரவலாகப் பொருத்தியது. அதனுடன் தொழிற்சாலையில் வண்டியைச் சோதிப்பதற்கான ஓர் இணைப்பியையும் வைத்தது. பின்னர் பட்டறைகளும் அதையே பயன்படுத்தின. டாஷ்போர்டின் அடியிலிருந்த அந்த இணைப்பியின் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் 'செக் எஞ்சின்' விளக்கு மின்னும். ஒரு மின்னல், சிறு இடைவெளி, பிறகு இரண்டு மின்னல் என்றால் 12. கணினி விழித்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதைத் தொடர்ந்து சேமிக்கப்பட்ட கோளாறு எண்கள் வரும். ஃபோர்டு வண்டிகளில் வோல்ட் மீட்டர் முள்ளின் அசைவை எண்ண வேண்டியிருந்தது. கிரைஸ்லர் வண்டிகளில் சாவியை மும்முறை திருப்பினால் விளக்கு பேசியது.

1987-ல் வந்த செவ்ரோலே பிக்கப் வண்டிகள் இக்காலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் உறிஞ்சும் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே கணினி எஞ்சினின் சுமையைக் கணித்தது. அழுத்தச் சென்சாருக்குச் செல்லும் சிறிய ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ கழன்றாலோ சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே அளக்கும். வண்டி முழுச் சுமையோடு மேடேறுவதாகக் கணினி கருதி எரிபொருளைக் கொட்டும். நின்ற வண்டி கரும்புகை கக்கிக் குலுங்கும். விளக்கு 33 என மின்னும். அழுத்தச் சென்சாரின் அளவு மிக அதிகம் என்பது அதன் பொருள். எண்ணை மட்டும் நம்பியவர் விலை கொடுத்துப் புதிய சென்சாரை மாட்டுவார், குலுக்கம் நிற்காது. ஹோஸைத் தடவிப் பார்த்தவர் சிறு செலவில் வேலையை முடிப்பார்.

பொதுமொழியாக மாறிய குறியீடு

கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் 1988 மாடல் ஆண்டு முதல் எல்லாப் புதிய கார்களும் இலகு டிரக்குகளும் தம் கோளாறைத் தாமே கண்டறிய வேண்டும் என்று விதித்தது. இதுவே பின்னாளில் ஓ.பி.டி. 1 எனப்பட்டது. ஆயினும் இணைப்பியின் வடிவமும் எண்ணின் பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. ஒவ்வொரு நிறுவனத்தின் வண்டிக்கும் தனிக் கருவியும் தனி நூலும் தேவைப்பட்டன. வினையூக்கி மாற்றி கெட்டதையோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவதையோ கண்காணிக்க அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை.

இக்குறைகளை நீக்கிய ஓ.பி.டி. 2 அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் எல்லாக் கார்களுக்கும் இலகு டிரக்குகளுக்கும் கட்டாயமானது. 16 முனைகள் கொண்ட ஒரே வடிவ இணைப்பி, ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் அமைந்தது. குறியீடுகளும் பொதுவாயின. எடுத்துக்காட்டாக, பி0171 என்றால் கலவையில் காற்று மிகுதி. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் எரியாமை. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரியாமை. பி0505 என்றால் ஐட்லிங் கட்டுப்பாட்டில் கோளாறு.

எரியாமையைக் கண்டறியும் வழி பழைய மெக்கானிக்கின் காதுக்கு நெருக்கமானது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் தண்டு ஒரு சிறு உந்துதல் பெறுகிறது. எரியாத சிலிண்டரின் முறை வரும்போது அந்த உந்துதல் இல்லாமல் தண்டு கணநேரம் தளர்கிறது. கிராங்க் சென்சார் இத்தளர்வை அளந்து, எந்தச் சிலிண்டர் என்பதையும் சொல்லிவிடும். எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியைச் சுட்டுக் கெடுக்கும் அளவுக்குப் போனால் விளக்கு விட்டுவிட்டு மின்னும். அப்போது வண்டியைத் தொடர்ந்து விரட்டக் கூடாது.

எனினும் இம்முறையின் அளவுகோல் புகைதான். பெரும்பாலும், புகை அனுமதிக்கப்பட்ட வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டச் செய்யும் கோளாறு விளக்கை எரிய வைக்க வேண்டும் என்பதே விதியின் அடிப்படை. ஓட்டுநருக்கு எரிச்சலூட்டும் சிறு குலுக்கம் அந்த எல்லையை எட்டாமல் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்ததால் வரும் அதிர்வுக்கு எந்தக் குறியீடும் பதிவாகாது. விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

கனரக லாரிகளின் தனிவழி

கனரக லாரிகளின் வரலாறு சற்று வேறு. டெட்ராய்ட் டீசல் நிறுவனம் 1985-ல் மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல் எஞ்சினைக் கனரக வண்டிகளுக்கு அறிமுகப்படுத்தியது. 1995-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய காமன் ரயில் அமைப்பு ஹினோ லாரியில் இடம்பெற்றது. 1990-களில் ஜே1939 என்னும் தொடர்பு முறை உருவாகி, வட்ட வடிவிலான 9 முனை இணைப்பியோடு பரவியது. அமெரிக்காவில் 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளின் எஞ்சின்களுக்குத் தன்னறி அமைப்பு 2010 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது.

ஜே1939 குறியீட்டில் இரண்டு எண்கள் முக்கியமானவை. முதல் எண் எந்த அளவீடு என்பதைச் சொல்லும்: 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 190 என்றால் எஞ்சின் வேகம். இரண்டாவது எண் அது எவ்வகையில் பிழைத்தது என்பதைச் சொல்லும்: 3 என்றால் மின்னழுத்தம் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 2 என்றால் தகவல் நிலையற்றது. 'கூலன்ட் வெப்பம், மின்னழுத்தம் அளவுக்கு மேல்' என்று வந்தால் எஞ்சின் கொதிக்கிறது என்று பொருளன்று. பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும் அல்லது சாக்கெட் கழன்றிருக்கும்.

பழைய பழக்கம் ஒன்று இங்கே உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. காமன் ரயில் எஞ்சினில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் செல்லும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார் மட்டுமே. எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். எனவே சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சோதனை இன்று ஸ்கேனர் வழியே, கணினிக்குக் கட்டளையிட்டே செய்யப்படுகிறது. சோதனையின் தத்துவம் பழையதுதான்; கை வைக்கும் இடம் மட்டும் மாறியது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

சென்சார் தான் அமர்ந்திருக்கும் இடத்தில் உணர்வதை மட்டுமே சொல்லும். கோளாறு வெளிப்படும் இடமும் அது பிறந்த இடமும் வேறாக இருக்கலாம். சில எடுத்துக்காட்டுகள் இதைத் தெளிவாக்கும்.

ஒரு பிளக் தீப்பொறி தரவில்லை என்று கொள்வோம். அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமலும் ஆக்சிஜன் செலவாகாமலும் வெளியேறும். ஆக்சிஜன் சென்சார் மிகுந்த ஆக்சிஜனைக் கண்டு, காற்று மிகுதி என்று அறிவிக்கும். அது உணர்ந்தது உண்மையே. ஆனால் கணினி அதை நம்பி எரிபொருளை மேலும் கூட்டும். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் புதியதும் அதையே சொல்லும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே மயக்கம் நேரும்.

உறிஞ்சும் குழாயில் காற்றுக் கசிவு இரண்டு வகை வண்டிகளில் இரண்டு விதமாகத் தெரியும். வரும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் வண்டியில், சென்சாரைத் தாண்டிப் புகுந்த காற்று கணக்கில் வராது. கலவை நீர்த்து எஞ்சின் குலுங்கும். அழுத்தத்தைக் கொண்டு கணிக்கும் வண்டியிலோ, கசிவால் அழுத்தம் ஏறுவதைக் கணினி கண்டு எரிபொருளையும் சேர்க்கும். அங்கே ஐட்லிங் வேகம் தேவைக்கு மேல் ஏறி நிற்பதே முதல் அறிகுறி.

கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டித் திருத்துகிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும். இது இருபுறமும் ஏறக்குறைய 10 விழுக்காட்டுக்குள் இருப்பது இயல்பு. காற்றை நேரடியாக அளக்கும் வண்டியில் ஐட்லிங்கில் மிகுந்து, 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் குறைந்தால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். வேகமும் சுமையும் ஏற ஏற மிகுந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் மட்டும் குலுங்கி, ரேஸ் செய்ததும் சீராகிவிடும் எஞ்சினில் புகைச் சுழற்சி வால்வு மூடாமல் சிக்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

இரண்டு வயர் கொண்ட வெப்பச் சென்சாருக்கு எளிய சோதனை உண்டு. சாக்கெட்டைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி போன்ற உறைகுளிரைக் காட்டும். சாக்கெட்டின் இரு முனைகளை இணைத்தால் மிக உயர்ந்த வெப்பத்தைக் காட்டும். இரண்டும் நடந்தால் வயரும் கணினியும் நலம். ஐயம் சென்சார் மீதே. நடக்காவிட்டால் வயரைத் தேட வேண்டும். பல சென்சார்களுக்குக் குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால் எல்லாம் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவை பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் வயர், எர்த், ஃபியூஸ் ஆகியவற்றை முதலில் பார்ப்பது முறை.

தகவல் யாருக்கு உரியது

வண்டி பேசத் தொடங்கியபின் அதன் மொழியை யார் அறியலாம் என்ற கேள்வி எழுந்தது. 1990-ல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், புகை தொடர்பான பழுதுநீக்கத் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று விதித்தது. ஆனால் எஞ்சின் தவிர்ந்த பகுதிகளின் தகவல் நிறுவனங்களிடமே தங்கியது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் வந்தது. 2014-ல் கார் நிறுவனங்கள் நாடு முழுவதற்குமான உடன்பாட்டுக்கு இசைந்தன. தெருமுனைப் பட்டறை தொடர்ந்து இயங்குமா, உரிமையாளர் நிறுவனப் பட்டறையை மட்டுமே நாட வேண்டுமா என்பது இதைப் பொறுத்தது.

இந்தியாவில்

இந்தியாவில் பி.எஸ். 4 காலத்திலேயே தன்னறி அமைப்பு வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல், பி.எஸ். 5 நிலையைத் தாண்டி, பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. இதனால் லாரிகளில் புகை வடிகட்டி, யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பு, நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் ஆகியன இடம்பெற்றன. யூரியா கரைசல் தீர்ந்தாலோ, அந்த அமைப்பின் சென்சார் கோளாறு சரிசெய்யப்படாமல் தொடர்ந்தாலோ கணினி எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும். சுமையோடு சாலையில் இருக்கும் லாரிக்கு இது ஒரு நாள் வாடகையையே இழப்பதாகும்.

நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் மெக்கானிக்குகள் ஸ்கேனரையும் மல்டிமீட்டரையும் ஸ்பேனரோடு சேர்த்தே கையாள வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது. குறியீட்டைப் படித்தல், அது பதிவான நேரத்தில் எஞ்சினின் வேகமும் வெப்பமும் எவ்வளவு என்று பார்த்தல், வயரையும் ஹோஸையும் சாக்கெட்டையும் சோதித்தல், கடைசியாக மட்டுமே பாகத்தை மாற்றுதல் என்பது இன்று தொழிற்பயிற்சியில் கற்க வேண்டிய வரிசை. கருவி புதிது என்றாலும், எந்தச் சிலிண்டர் உழைக்கவில்லை, அது ஏன் உழைக்கவில்லை என்னும் பழைய இரு கேள்விகளுக்கே அவ்வரிசையும் விடை தேடுகிறது.